கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதி: கோடு எங்கே ஓடுகிறது, வாக்கு எங்கே போகிறது

#1 நாஞ்சில்வாசி

ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலிலும் எங்கள் தொகுதியைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரே வாக்கியம்தான் வருகிறது: "இங்கே மதம்தான் முடிவு செய்யும்." அதைச் சொல்லிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போய்விடுகிறார்கள். மதத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொகுதியின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, எந்த ஆண்டில் யார் யாரோடு கூட்டு என்ற இரண்டையும் பார்க்காமல் இந்த ஊரின் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது. அடுத்த தொகுதி மறுவரையறை பற்றி எல்லோரும் பேசுகிற நேரம் என்பதால், தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் இன்றைய எல்லை. தமிழ்நாட்டின் 39-வது, அதாவது கடைசித் தொகுதி இது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். 229-ல் தொடங்கி 234-ல் முடிகிறது. மாவட்டத்தின் எல்லையும் நாடாளுமன்றத் தொகுதியின் எல்லையும் ஒன்றேதான். ஒரு மாவட்ட ஆட்சியர், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2008 வரை தொகுதியின் பெயரே நாகர்கோவில். அதில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் இருந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் கிடந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தின் மறுவரையறையில் திருவட்டார் என்ற சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது, கன்னியாகுமரி உள்ளே வந்தது, பெயரும் மாறியது. 2009 தேர்தல்தான் புதிய எல்லையில் நடந்த முதல் தேர்தல்.

இனி வென்றவர்கள். 1952-ல் நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த முதல் தேர்தலில் வென்றவர் மார்ஷல் ஏ. நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சியின் ஒரே கோரிக்கை. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தப் போராட்டத்தில்தான். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்து குமரி மாவட்டம் பிறந்தது. 1957-ல் பி. தாணுலிங்க நாடார் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1962, 1967 இரண்டிலும் மறுபடி நேசமணி, இம்முறை காங்கிரஸில்.

நேசமணி 1968 ஜூனில் மறைந்தார். 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றிருந்த காமராஜர் இங்கே வந்து நின்று 1,28,201 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1971-லும் அவர்தான். அந்தத் தேர்தலில், 1969 பிளவுக்குப் பின் காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாடு முழுவதிலும் வென்ற ஒரே இடம் நாகர்கோவில். அவருக்குப் பிறகு 1977-ல் குமரி அனந்தன். 1980 தொடங்கி 1998 வரை ஆறு தேர்தல்களிலும் என். டென்னிஸ், முதல் நான்கு காங்கிரஸில், கடைசி இரண்டு தமிழ் மாநில காங்கிரஸில். 1999 பொன். ராதாகிருஷ்ணன், பாஜக. 2004 ஏ.வி. பெல்லார்மின், மார்க்சிஸ்ட். 2009 ஜெ. ஹெலன் டேவிட்சன், திமுக. 2014 மறுபடி பொன். ராதாகிருஷ்ணன். 2019 எச். வசந்தகுமார், காங்கிரஸ். 2020 ஆகஸ்டில் அவர் கொரோனாவில் மறைந்த பின் 2021 இடைத்தேர்தலிலும் 2024-லும் அவர் மகன் விஜய் வசந்த்.

நேசமணி, காமராஜர், வசந்தகுமார் என மூன்று உறுப்பினர்களைப் பதவியில் இருக்கும்போதே இழந்த தொகுதி இது.

தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள்.


#2 வைகைக்கரை

அருமையான தொகுப்பு. ஒரு சந்தேகம். அதிமுக இங்கே வென்றதே இல்லையா? 1998-ல் நடிகர் ராமராஜன் குமரிப் பக்கம் எம்.பி. ஆக இருந்ததாக எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.


#3 கொட்டாரம் குமார்

வைகைக்கரை அண்ணாச்சி, உங்கள் வீட்டில் சொல்வதும் சரி, நாஞ்சில்வாசி எழுதியதும் சரி. ராமராஜன் வென்றது திருச்செந்தூரில். ஆனால் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செந்தூரில்தான் இருந்தது. அதனால் முக்கடல் கூடும் இடத்தில் வாக்குச் சீட்டு வைத்திருந்த எங்களுக்கு 1998-ல் அவர்தான் எம்.பி. நாகர்கோவில் என்றிருந்தபோதும் சரி, கன்னியாகுமரி ஆன பிறகும் சரி, அதிமுக இந்தத் தொகுதியில் ஒருமுறைகூட வென்றதில்லை. திமுக வென்றதும் 2009-ல் ஒரே ஒரு முறை. மற்ற எல்லா இடத்திலும் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட ஐம்பது ஆண்டுகளில் இங்கே இதுதான் நிலை.

திருச்செந்தூரோடு இருந்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கே.டி. கோசல்ராம், தனுஷ்கோடி ஆதித்தன், அப்புறம் ராமராஜன், அப்புறம் 2004-ல் ராதிகா செல்வி. இவர்கள் எல்லோரும் எங்கள் எம்.பி.க்கள். ஆனால் தொகுதியின் எடை தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் இருந்தது. நாங்கள் தெற்கு வாலில் இருந்தோம். ஆட்சியர் அலுவலகத்துக்கு நாகர்கோவில் போக வேண்டும், எம்.பி.யைப் பார்க்கத் திருச்செந்தூர்ப் பக்கம் போக வேண்டும். மாவட்ட வளர்ச்சிக் கூட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு எம்.பி.க்கள் இருப்பதாகக் கணக்கு, ஆனால் எங்கள் பகுதிக்காக எழுந்து பேச ஆள் இருக்காது. ரயில் பாதை, கடல் அரிப்பு, சுற்றுலா எதுவானாலும் இதே கதைதான். 2009-ல் குமரி மாவட்ட எம்.பி. ஒருவருக்கு வாக்களித்தபோது எங்கள் ஊரில் பெரியவர்கள் பட்ட சந்தோஷம் கட்சி சார்ந்தது இல்லை.


#4 குழித்துறை ரோஸ்

நாஞ்சில்வாசி அண்ணே, உங்கள் பதிவு முழுவதும் நன்றாக இருந்தது, ஆனால் திருவட்டாரை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். எங்களுக்கு அது வலி.

கிழக்கே கன்னியாகுமரி உள்ளே வந்தது மகிழ்ச்சி என்றால், மேற்கே ஒரு சட்டமன்றத் தொகுதியே காணாமல் போனது. ஏழு சட்டமன்ற உறுப்பினர்களை அனுப்பிய மாவட்டம் இன்று ஆறு பேரைத்தான் அனுப்புகிறது. திருவட்டார் சாதாரணத் தொகுதி இல்லை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களும் மலையோரக் குடியேற்றக்காரர்களும் ஆதிவாசிக் காணி மக்களும் உள்ள பகுதி. மார்க்சிஸ்ட் கட்சியின் ஹேமச்சந்திரன் பலமுறை வென்ற இடம். 2006-ல் கடைசியாக அங்கே வென்றவரும் அதே கட்சியின் லீமா ரோஸ்தான். தொகுதி போனதும் திருவட்டார், குலசேகரம் பக்கமெல்லாம் பத்மநாபபுரத்தோடு சேர்ந்தது. மலையோரத்துக்கென்று தனியாகப் பேசும் சட்டமன்றக் குரல் அதோடு நின்றது. இப்போது திருவட்டார் தனித் தாலுகா ஆகியிருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் தாசில்தார் வருவதும் சட்டமன்ற உறுப்பினர் வருவதும் ஒன்றா?

இடதுசாரிகள் இங்கே சுருங்கியதற்கு எல்லை மாற்றம் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். 2004-ல் எம்.பி. ஆன பெல்லார்மின் 2009-ல் மூன்றாம் இடம். கூட்டணி மாறியதும் காரணம்தான், திமுக அணியிலிருந்து அதிமுக அணிக்குப் போனார்கள். ஆனால் அவர்களுடைய வேர் இருந்த மண் துண்டானதையும் சேர்த்துப் பாருங்கள்.

மதம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தை நேரில் அறிந்த தலைமுறை இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. 1957-ல் காங்கிரஸ் எம்.பி. ஆக இருந்த தாணுலிங்க நாடார், நேசமணியோடு தோளோடு தோள் நின்று இணைப்புப் போராட்டம் நடத்தியவர், பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவர் ஆனார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த மாவட்டத்தின் அரசியல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டிலேயே பாஜகவின் முதல் சட்டமன்ற உறுப்பினர் 1996-ல் பத்மநாபபுரத்தில் வென்ற வேலாயுதன். இதையெல்லாம் கூட்டணிக் கணக்கு என்று மட்டும் சொன்னால் எப்படிச் சரியாகும்?


#5 நாஞ்சில்வாசி

ரோஸ் அக்கா, 1982 இல்லாமல் இந்தத் தொகுதியைப் பேச முடியாது, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.20 சதவீதம். இப்படி ஒரு மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. வேட்பாளர் தேர்வில் எல்லாக் கட்சிகளும் இதைப் பார்க்கின்றன.

நான் சொல்ல வருவது வேறு. மதம் மட்டுமே முடிவு செய்தால் முடிவுகள் மாறவே கூடாது, ஏனென்றால் மக்கள்தொகைப் பங்கு ஐந்து ஆண்டில் அப்படி ஒன்றும் மாறுவதில்லை. ஆனால் 2014-ல் பாஜக 1,28,662 வாக்கில் வென்றது, 2019-ல் 2,59,933 வாக்கில் தோற்றது. இந்தப் பெரிய ஊசலாட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொன். ராதாகிருஷ்ணன் வாங்கிய வாக்குகள்:

2014: 3,72,906
2019: 3,67,302
2021 இடைத்தேர்தல்: 4,38,087
2024: 3,66,341

2014-ல் வென்றபோது வாங்கியதற்கும் 2019-ல் படுதோல்வி அடைந்தபோது வாங்கியதற்கும் 5,604 வாக்குதான் வித்தியாசம். அவருடைய வாக்கு அசையவே இல்லை. அசைந்தது எதிர்ப்பக்கம். 2014-ல் வசந்தகுமார் காங்கிரஸில் தனியாக நின்று 2,44,244 வாங்கினார், அதிமுகவின் ஜான் தங்கம் 1,76,239, திமுகவின் ராஜரத்தினம் 1,17,933. பாஜக தேமுதிக, பாமக, மதிமுகவோடு சேர்ந்து நின்றது, மற்றவர்கள் சிதறினார்கள். தமிழ்நாட்டில் 37 இடங்களை அள்ளிய ஜெயலலிதாவின் அந்த ஆண்டிலும் அதிமுக இங்கே மூன்றாம் இடம். 2019-ல் திமுகவும் காங்கிரஸும் இடதுசாரிகளும் ஒன்றாக வந்தார்கள், வசந்தகுமார் 6,27,235 வாங்கினார்.

அதே மக்கள், அதே மதம், அதே இரண்டு வேட்பாளர்கள். மாறியது அணி.


#6 கணக்கு டீச்சர்

2021-ன் எண்ணிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு இடைத்தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் நடந்தன. வாக்காளர் ஒரே சாவடியில் இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார். அதிமுக தன் சட்டமன்ற வேட்பாளர்களுக்காக முழு வேகத்தில் வேலை செய்தது, அந்தத் தொண்டர்கள் பாஜகவின் நாடாளுமன்ற வேட்பாளருக்கும் சேர்த்தே வாக்குக் கேட்டார்கள். 70 ஆயிரத்துக்கு மேல் கூடியது. ஆனால் 2019-லும் அதே கூட்டணிதான், அப்போது அது கூடவில்லை. 2024-ல் அதிமுக தனியாக நின்று நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போனது. பாஜகவின் வாக்கோ 2019-ல் இருந்த அதே அளவு. ஆகவே கூட்டணி என்று தாளில் எழுதினால் போதாது, சாவடி மட்டத்தில் ஆள் இறங்கி வேலை செய்ய வேண்டும். 2021-ல் அது நடந்தது.

அதே நாளில் சட்டமன்றத்தில் கிழக்கே உள்ள இரண்டும், நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர். காந்தி, கன்னியாகுமரியில் அதிமுகவின் தளவாய் சுந்தரம், அந்த அணிக்குப் போயின. மேற்கே உள்ள நான்கும் திமுக அணிக்கு வந்தன. நாஞ்சில் நாடு (அகஸ்தீஸ்வரம், தோவாளை) ஒரு பக்கம், கல்குளம் விளவங்கோடு மறுபக்கம். பழைய தாலுகாக் கோடு வாக்கு எண்ணிக்கையிலும் தெரிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. 2004-ல் பொன். ராதாகிருஷ்ணன் 2,45,797, 2009-ல் 2,54,474 என்று போட்டு "வளர்ச்சி" என்று எழுதுகிறார்கள். அப்படி ஒப்பிடவே கூடாது. 2004-ல் இருந்தது பழைய நாகர்கோவில் தொகுதி, அதிமுக கூட்டணி. 2009-ல் இருந்தது புதிய கன்னியாகுமரி தொகுதி, பாஜக தனியாக நின்றது. நிலமும் வேறு, அணியும் வேறு. எல்லை மாறிய தேர்தலுக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டுத்தான் எதையும் கணக்கிட வேண்டும்.


#7 வள்ளவிளை மகள்

எல்லோரும் நிலத்தின் கோட்டைப் பேசுகிறீர்கள். கடலின் கோட்டையும் பேசுங்கள்.

இந்தியாவின் கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் சந்திக்கும் தொகுதி இது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குத் தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குத் தடை. இப்போது தேர்தல் தேதிகளைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 18. 2024 ஏப்ரல் 19. அந்த நாட்களில் சின்னமுட்டத்துப் படகு கரையில் நிற்கும், எங்கள் தூத்தூர் வட்டாரத்துப் படகு ஆழ்கடலில் நிற்கும். நீரோடி முதல் இரையுமன்துறை வரை உள்ள எட்டு ஊர்க்காரர்கள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. கொச்சியில் கரையேறுவார்கள், குஜராத் பக்கம்கூடப் போவார்கள். அவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. ராணுவத்தில் இருப்பவருக்கு உண்டு, கடலில் இருப்பவருக்கு இல்லை.

எங்கள் வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் படகில் போகிறவர்கள். வாக்குச் சாவடிக்குப் போவது அம்மாவும் நானும் அண்ணிமார்களும். எங்கள் ஊர்ச் சாவடிகளில் பெண்கள் வரிசைதான் நீளம். 2019-ல் வாக்குப்பதிவு நாள் பெரிய வியாழன். காலையில் வரிசையில் நின்றுவிட்டு மாலையில் கோயிலுக்குப் போனோம்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் எங்கள் ஊர்கள் இழந்த ஆட்களை நினைத்துப் பாருங்கள். புயல் எச்சரிக்கை ஆழ்கடலுக்குப் போய்ச் சேரவில்லை. இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரும் என்றார்கள், பிறகு கோவளம் மணக்குடி என்று இடம் மாற்றினார்கள், கடற்கரை முழுவதும் எதிர்த்தது. 2019-ல் அந்த வாக்கு எங்கே போனது என்பதற்கு இது போதும். அதை மத வாக்கு என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கடற்கரையில் வந்து நின்று எங்கள் அம்மாக்களிடம் கேட்க வேண்டும்.


#8 குழித்துறை ரோஸ்

மகளே, நன்றி. தபால் வாக்கு விஷயத்தை இந்தத் தொகுதியின் எந்த எம்.பி.யாவது மக்களவையில் விடாமல் கேட்க வேண்டும். குமரி அனந்தன் மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் பிடிவாதமாக நின்று பெற்றார். அந்தப் பிடிவாதம் இதற்கும் வேண்டும்.


#9 திருமயம் ராசு

நான் புதுக்கோட்டை மாவட்டம். இந்த இழையைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், எங்கள் மாவட்டத்திலும் ஆறுதான். அதே 2008 மறுவரையறை. நீங்கள் ஒரே நாடாளுமன்றத் தொகுதியாக ஆனீர்கள். எங்களுக்கு இருந்த புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துவிட்டு நான்கு பக்கம் பிய்த்துக் கொடுத்தார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. நான்கு எம்.பி.க்கள் இருக்கிறார்கள், நான்கு பேருக்கும் நாங்கள் ஓரம். கொட்டாரம் குமார் அண்ணன் சொன்ன "தெற்கு வால்" வாழ்க்கைதான் எங்கள் மாவட்டம் முழுவதற்கும். காவிரி-வைகை-குண்டாறு இணைப்பு வேண்டும் என்று எங்கள் மக்கள் எவ்வளவு காலமாகக் கேட்கிறார்கள். அதை மாவட்டத்தின் ஒரே குரலாக டெல்லியில் பேச ஆள் இல்லை.

குமரிக்கு ஏன் அப்படி, எங்களுக்கு ஏன் இப்படி? யாராவது விளக்க முடியுமா?


#10 கணக்கு டீச்சர்

ராசு அண்ணே, முழு விளக்கம் ஆணையத்திடம்தான் இருக்கும். ஆனால் குமரியின் பாதிக்கான விடை கணக்கிலேயே கிடைக்கிறது, போட்டுப் பார்த்தேன்.

சட்டமன்றத் தொகுதிகளை மாவட்டவாரியாக மக்கள்தொகையை வைத்துப் பகிர்ந்தார்கள். பழைய எல்லை 1971 கணக்கெடுப்பின்படி வந்தது. அப்போது தமிழ்நாடு 4,11,99,168 பேர். 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 1,76,065. குமரி மாவட்டம் 12,22,549 பேர். வகுத்தால் 6.94. ஆகவே ஏழு தொகுதி.

2008-ன் எல்லை 2001 கணக்கெடுப்பின்படி. தமிழ்நாடு 6,24,05,679 பேர், சராசரி 2,66,691. குமரி 16,76,034 பேர். வகுத்தால் 6.28. ஆகவே ஆறு. திருவட்டார் போனது இங்கேதான். மாவட்டத்தில் ஆள் குறையவில்லை, நாலரை லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். மற்ற மாவட்டங்கள் அதைவிட வேகமாகக் கூடின.

இப்போது நாடாளுமன்றக் கணக்கு. 1971-ல் 39-ஆல் வகுத்த சராசரி 10.56 லட்சம். குமரி அதைவிடப் பெரியது. ஏழில் ஆறுதான் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும், ஒன்று வெளியே போயாக வேண்டும். கன்னியாகுமரி திருச்செந்தூருக்குப் போனது. 2001-ல் சராசரி 16 லட்சம், குமரி 16.76 லட்சம். கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒரு தொகுதி. இரண்டு பக்கம் கடலும் ஒரு பக்கம் கேரள எல்லையும் இருப்பதால் வேறு எங்கும் இழுக்கவும் முடியாது, வடகிழக்கில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மட்டும்தான் வழி. உங்கள் மாவட்டமோ நடுவில் இருக்கிறது, 2001-ல் 14.6 லட்சம் பேர், சராசரிக்குக் குறைவு. சுற்றியுள்ள நான்கு தொகுதிகளுக்கும் ஆள் நிரப்ப வேண்டியிருந்தபோது நடுவில் இருந்த புதுக்கோட்டையிலிருந்து எடுத்தார்கள். அதற்காக அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தை நான்காகப் பிரிக்காமல் இரண்டாகப் பிரித்திருக்கலாம்.


#11 வைகைக்கரை

டீச்சர், இந்த 6.94, 6.28 கணக்கைப் பார்க்கும்போது வேறு ஒன்று தோன்றுகிறது. படித்த, குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட மாவட்டம் தொகுதியை இழந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதால் டெல்லியில் இடம் குறைந்துவிடும் என்று தமிழ்நாடு பயப்படுகிறதே, அதுதான் தமிழ்நாட்டுக்குள்ளேயே குமரிக்கு நடந்திருக்கிறது!


#12 நாஞ்சில்வாசி

அதைத்தான் இந்த இழையில் பேச வேண்டும் என்று நினைத்தேன், டீச்சர் கணக்கோடு போட்டுவிட்டார்கள்.

2011-ல் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். பெண் கல்வி, சுகாதாரம் எல்லாவற்றிலும் முன்னால். அதற்குக் கிடைத்தது ஒரு சட்டமன்ற இடம் குறைவு. மாநிலங்களுக்கு இடையே இந்த அநியாயம் வராமல் இருக்கத்தான் 1976-ல் 42-வது திருத்தம் மக்களவை இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது, பிறகு 84-வது திருத்தம் 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட மாநிலம். 1962 தேர்தலில் 41 எம்.பி.க்கள், 1967-ல் 39. ஆனால் மாநிலத்துக்கு உள்ளே மாவட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2008-ல் உள்ளே நடந்த மறுபகிர்வில் குமரி இழந்தது, அதைப் பற்றிச் சென்னையில் ஒரு தலைவரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

டெல்லியிடம் நியாயம் கேட்கிற நாம் நம் வீட்டுக்குள்ளும் அதே நியாயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டோடு வளர்ந்த மாவட்டத்தின் குரலைக் குறைக்கக் கூடாது. இதை எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் சொல்வேன்.


#13 மறைமலைநகர் சிவா

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சென்னையைச் சுற்றியுள்ள சட்டமன்றத் தொகுதிகளைப் பாருங்கள். 2024 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் வாக்காளர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர்தான். உங்கள் ஆறு தொகுதிகளுக்கும் சேர்த்து அப்போது 15.5 லட்சம் வாக்காளர்கள், அதாவது சராசரி இரண்டரை லட்சத்துக்குச் சற்று அதிகம். அங்கே ஒரு வாக்கின் மதிப்பு உங்கள் வாக்கில் பாதியும் இல்லை. வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர்களில் குமரிக்காரர்களும் ஏராளம். குடிநீருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நாங்கள் யாரிடம் போவது? ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு என்பதும் நியாயம்தானே?


#14 கணக்கு டீச்சர்

சிவா தம்பி, இதில் கோபிக்க ஒன்றுமில்லை. சோழிங்கநல்லூரைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் 234 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பிரித்தால் அந்த இடம் குமரியிலிருந்தோ நீலகிரியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோதான் வர வேண்டும். மொத்த எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் நகரத்துக்கும் கிடைக்கும், மாவட்டமும் இழக்காது. சட்டமன்றத்தில் 500 வரை உறுப்பினர்கள் இருக்கலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

நாடாளுமன்றம் வேறு விஷயம். 2011 கணக்கின்படி 39-ஆல் வகுத்தால் சராசரி 18.5 லட்சம், குமரி 18.7 லட்சம். இப்போதைய எண்ணிக்கை நீடித்தால் எங்கள் தொகுதிக்கு ஆபத்து இல்லை. தமிழ்நாட்டுக்கு இடங்கள் குறைந்தால் சராசரி பெரிதாகும், குமரி மட்டும் போதாது, ராதாபுரம் பக்கம் கோடு நீளும். மொத்த எண்ணிக்கை மிக அதிகமாகக் கூடினால் சராசரி சிறிதாகும், குமரி இரண்டாக உடையும். இரண்டில் எது வந்தாலும் 2009 முதல் நாம் அனுபவிக்கிற "ஒரு மாவட்டம், ஒரு எம்.பி." போய்விடும்.


#15 கொட்டாரம் குமார்

கோடு நீண்டாலும் உடைந்தாலும் முதலில் நகர்த்தப்படுவது எங்கள் பகுதியாகத்தான் இருக்கும். 1970-களில் அப்படித்தான் நடந்தது. ஓரத்தில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். மறுபடி திருச்செந்தூர் பக்கமோ நெல்லைப் பக்கமோ போக எங்களுக்கு மனமில்லை. அங்குள்ளவர்கள் மேல் குறை எதுவும் இல்லை, எங்கள் ஆட்சியர், எங்கள் நீதிமன்றம், எங்கள் பேருந்து எல்லாம் நாகர்கோவிலில் இருக்கிறது.

வரைவு வந்த பிறகு மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வழி உண்டா?


#16 நாஞ்சில்வாசி

உண்டு. ஆணையம் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபணைகளை எழுத்தில் கேட்டு, பொது அமர்வு நடத்தியாக வேண்டும். மாநிலத்தின் எம்.பி.க்கள் ஐந்து பேரும் சட்டமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. இறுதி ஆணை வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம், அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு நீதிமன்றக் கதவையும் ஏறக்குறைய மூடிவிடுகிறது. ஆகவே பேச வேண்டிய நேரம் வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட நாட்கள்தான். சென்ற முறை அது எப்போது வந்தது, எப்போது போனது என்று எங்கள் ஊரில் பலருக்குத் தெரியவே இல்லை.

அதற்கு முன்பே மூன்று விஷயங்களைத் தயார் செய்து வைக்கலாம். பழைய திருவட்டார் தொகுதியின் ஊர்ப் பட்டியலும் அவை இன்று எந்தத் தொகுதியில் இருக்கின்றன என்ற விவரமும். டீச்சர் போட்ட கணக்கு, 1971 முதல். அப்புறம் வள்ளவிளை சகோதரி சொன்ன கடற்கரை ஊர்களை ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் சிதறாமல் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை.


#17 வள்ளவிளை மகள்

எட்டு ஊர்களும் இப்போது கிள்ளியூரில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதை உடைக்கக் கூடாது என்று எங்கள் பங்குப் பேரவையிலும் மீனவர் சங்கத்திலும் பேசுகிறேன். தபால் வாக்குக் கோரிக்கையையும் அதோடு சேர்த்து எழுதுகிறோம்.


#18 குழித்துறை ரோஸ்

திருவட்டார் பட்டியல் என் பொறுப்பு. 2006 வாக்காளர் பட்டியலின் பாகம்வாரி விவரம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். பேச்சிப்பாறை, கடையால் பக்கத்துக்காரர்கள் இருந்தால் உங்கள் ஊர் அப்போது எந்தச் சாவடி, இப்போது எந்தத் தொகுதி என்று எழுதுங்கள், நான் தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.